செல்டன்ஹாம் வீட்டின் கறுப்பு உடைப் பெண்ணும் உங்கள் பெரியம்மாவும்

உங்கள் கேள்வியில் முக்கால் பங்கு இங்கிலாந்தைப் பற்றியது. கடைசி இரண்டு வரிகள்தான் உங்கள் பெரியம்மாவைப் பற்றியவை. 19-ஆம் நூற்றாண்டில் செல்டன்ஹாம் என்ற ஊரில், பிற்பாடு டாக்டரான ஒரு பெண் ஏழு ஆண்டுகள் ஒரே பேயைப் பார்த்தார், படிக்கட்டில் நூல் கட்டிச் சோதித்தார், உலகில் நிரூபிக்கப்பட்ட ஒரே பேய் அதுதான் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். பிறகு, 71 வயதான பெரியம்மா சில மாதங்களாகப் பொழுது சாயும் நேரத்தில் முற்றத்தில் யாரோ ஒரு பெண் நிற்பதைப் பார்ப்பதாகச் சொல்கிறார், வீட்டில் பாதிப் பேர் பேய் என்கிறார்கள், மீதிப் பேர் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள் என்று முடித்திருக்கிறீர்கள். ஆக, உங்கள் மனத்தில் இருக்கும் கேள்வி இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: தெளிந்த புத்தியுள்ள ஒரு பெண், அங்கே இல்லாத ஒருவரைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடியுமா?

முடியும். மனநல மருத்துவராக 27 ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். தான் பார்த்ததைப் பற்றி அந்தப் பெண்ணே எழுதிய செல்டன்ஹாம் அறிக்கையை நான் பயிற்சி மருத்துவர்களுக்கு வாசிக்கக் கொடுப்பதுண்டு. பேயை நம்பச் சொல்வதற்காக அல்ல. பார்த்ததை எப்படிச் சொல்வது, சொல்வதை எப்படிக் கேட்பது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

முதலில் வீடு. 1860 வாக்கில் கட்டப்பட்ட, சதுரமான, எந்த விசேஷமும் இல்லாத வீடு அது. பாழடைந்த மாளிகையோ, சிலந்தி வலை படிந்த கோபுரமோ இல்லை. முதலில் குடியிருந்தவர் ஹென்றி ஸ்வின்ஹோ. இந்தியாவில் வாழ்ந்து திரும்பிய ஆங்கிலேயர். மனைவி இறந்த துக்கத்தில் குடிக்க ஆரம்பித்தார். பிறகு இமோஜென் என்ற பெண்ணை மறுமணம் செய்துகொண்டார். அந்தப் பெண் அவரது குடியை நிறுத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்க்க, அவரும் சேர்ந்து குடிக்கத் தொடங்கினார் என்கிறது பதிவு. முதல் மனைவியின் நகைகள் யாருக்கு என்பதில் ஓயாத சண்டை. கடைசியில் நகைகளைத் தன் குழந்தைகளுக்கென்று முன்பக்க அறையின் தரைப்பலகைக்கு அடியில் ஸ்வின்ஹோ மறைத்து வைத்தார். 1876-இல் அவர் இறந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பே இமோஜென் பிரிந்து போய்விட்டார். 1878-இல் பிரிஸ்டல் நகரின் கிளிஃப்டன் பகுதியில் இறந்தார். ஸ்வின்ஹோ இறந்த பிறகு வீட்டை வாங்கிய முதியவர் ஒருவரும் குடிவந்த ஆறு மாதத்துக்குள் இறந்துபோனார். சுமார் நான்கு ஆண்டுகள் வீடு பூட்டிக் கிடந்தது. 1882 ஏப்ரலில் கேப்டன் டெஸ்பார்ட் அதை வாடகைக்கு எடுத்தார். நோயாளியான மனைவி, மணமாகாத நான்கு மகள்கள், இரண்டு மகன்கள். மணமான மூத்த மகள் அவ்வப்போது வந்து தங்குவார். மகள்களில் ஒருவர் 19 வயதான ரோசினா. மருத்துவம் படிக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தவர். இந்த வழக்கு முழுவதும் அவர் தோளில்தான் நிற்கிறது.

அந்த ஜூன் மாதத்தில் ஓர் இரவு. ரோசினா தன் அறைக்குப் போய்விட்டார், இன்னும் படுக்கவில்லை. கதவருகே யாரோ நிற்பதுபோல் சத்தம். அம்மாவாக இருக்கும் என்று திறந்தார். யாரும் இல்லை. நடைவழியில் சில அடிகள் போனதும், படிக்கட்டின் தலைமாட்டில் கறுப்பு உடையில் ஓர் உயரமான பெண் நிற்பதைக் கண்டார். சில கணங்களில் அந்த உருவம் இறங்கத் தொடங்கியது. என்னவென்று பார்த்துவிடுவோம் என்று இவரும் பின்னால் போனார். கையில் இருந்தது மெழுகுவர்த்தியின் ஒரு சிறு துண்டு. அது எரிந்து தீர்ந்துவிட்டது. இருட்டில் மேலே போக முடியாமல் அறைக்குத் திரும்பிவிட்டார். அந்தப் பெண்ணின் முகம் வலது கையில் பிடித்திருந்த கைக்குட்டையால் மறைந்திருந்தது. மென்மையான கம்பளித் துணி, நடக்கையில் லேசான சரசரப்பு, விதவைகள் அணியும் வெள்ளைக் கைப்பட்டை. பின்னாட்களில் நெற்றியின் இடப்பக்க மேல்பகுதியும் கொஞ்சம் தலைமுடியும் தெரிந்ததாக எழுதுகிறார். முழு முகத்தை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு அவர்மேல் மதிப்பை உண்டாக்குகிறது. அலறவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் மற்றவர்களும் எதிர்பார்க்கத் தொடங்குவார்கள், எதிர்பார்த்தால் பார்த்துவிடுவார்கள். ஒரே ஒரு தோழிக்கு மட்டும் கடிதங்கள் எழுதிவந்தார். உருவத்தைப் பின்தொடர்ந்தார், அது போகும் வழியைக் குறித்துக்கொண்டார். படி இறங்கி வரவேற்பறைக்குள் வரும். வெளியே வளைந்து நீளும் பெரிய ஜன்னலின் வலப்பக்கம் நிற்கும். பிறகு நடைவழியில் போய்த் தோட்டக் கதவருகே மறையும். காலடி ஓசை லினோலியம் விரிப்பில் மட்டும் கேட்கும், மெல்லிய காலணி அணிந்தவர் மெதுவாக நடப்பதுபோல. 1884 ஜனவரி 29 அன்று துணிந்து பேசிவிட்டார். உருவம் சோபாவருகே போய் நின்றதும், கிட்டப் போய், 'உங்களுக்கு நான் ஏதாவது உதவி செய்யலாமா?' என்ற பொருளில் கேட்டார். அது அசைந்தது. பேசப்போகிறது என்று நினைத்தார். ஆனால் மூச்சு லேசாகத் திணறியதுபோல் ஓர் ஒலி மட்டும் வந்தது. கதவை நோக்கி நகர்ந்துவிட்டது. இருபதோ இருபத்தொன்றோ வயதுப் பெண், தன் கண்ணுக்குப் பேயாகத் தெரியும் ஒன்றிடம் கேட்ட முதல் கேள்வி, உதவி வேண்டுமா என்பது. எத்தனை முறை வாசித்தாலும் அந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிடுவேன்.

இப்போது அந்த நூல். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். மெல்லிய நூல்களின் இரு முனைகளிலும் மெரைன் க்ளூ என்ற பசையைச் சிறு உருண்டைகளாக ஒட்டி, ஒரு முனையைச் சுவரிலும் மறு முனையைப் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியிலும் பதித்தார். தரையிலிருந்து ஆறு அங்குலம் தொடங்கி மூன்றடி உயரம் வரை பல மட்டங்களில் கட்டினார். லேசாகப் பட்டாலே விழுந்துவிடும்; மோதியவருக்குத் தெரியாது; மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கீழிருந்து பார்த்தால் கண்ணுக்கும் படாது. எல்லோரும் தத்தம் அறைக்குப் போன பிறகுதான் கட்டுவார். குறைந்தது இரண்டு முறை அந்த உருவம் நூல்களின் ஊடே இறங்கியதைப் பார்த்ததாகவும், நூல்கள் அப்படியே இருந்ததாகவும் எழுதியிருக்கிறார்.

இந்தச் சோதனை எதை நிரூபிக்கிறது? அங்கே நடந்தது ரத்தமும் சதையுமான ஆள் அல்ல என்பதை. வேலைக்காரியோ, குறும்புக்காரத் தம்பியோ கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு இறங்கியிருந்தால் நூல் விழுந்திருக்கும். அவ்வளவுதான். அது ஆவி என்றால் நூல் அறாது. ரோசினாவின் மூளையே உருவாக்கிய காட்சி என்றாலும் நூல் அறாது. இரண்டையும் பிரித்துக் காட்டும் வலு அந்த நூலுக்கு இல்லை. இதில் இன்னொரு குறையும் உண்டு: நூலைக் கட்டியவரும் அவரே, உருவத்தைப் பார்த்தவரும் அவரே, நூல் அறவில்லை என்று சோதித்தவரும் அவரே. அவருடைய நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் மருந்துச் சோதனை ஒன்றில் இப்படி மூன்று வேலையையும் ஒருவரே செய்திருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த முடிவை நாங்கள் ஏற்கமாட்டோம். காணொளிக்காரர்கள் 'நிரூபணம்' என்று சொல்லும் இடத்தில்தான் நிரூபணம் மிகப் பலவீனமாக இருக்கிறது.

காணொளிகள் விட்டுவிடும் வேறொரு நிகழ்ச்சிதான் மருத்துவன் கண்ணுக்கு முக்கியமானது. 1884 ஜூலையில் ஒருநாள் இரவு ஒன்பது மணி அளவில் அப்பாவும் சகோதரிகளும் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ரோசினா ஜன்னலோரச் சோபாவில் அமர்ந்து படிக்கிறார். திறந்த கதவு வழியாக உருவம் உள்ளே வந்து, அறையைக் கடந்து, அவர் அமர்ந்திருந்த சோபாவுக்குப் பின்னால் நிற்கிறது. ஏறக்குறைய அரை மணி நேரம். அறையிலிருந்த ஒருவருக்கும் அது தெரியவில்லை. தனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிவது இவர்கள் கண்ணில் படவில்லையே என்று ரோசினாவே வியக்கிறார். பிறகு அது கிளம்பியதும், புத்தகம் எடுப்பதுபோல் எழுந்து பின்னால் போய், தோட்டக் கதவருகே அது மறைவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். 1886 வரை அந்த உருவம் உயிருள்ள ஆள் என்று நினைக்கும் அளவுக்குத் திடமாக இருந்தது, பின்னாலிருக்கும் வெளிச்சத்தையே மறைத்தது என்பது அவர் வாக்குமூலம். வெளிச்சத்தை மறைக்கும் பொருள் ஒன்று அறைக்குள் அரை மணி நேரம் நின்றால், அங்கே கண்ணுள்ள எல்லோருக்கும் தெரிய வேண்டும். தெரியவில்லை. அப்படியானால் அன்றைக்கு அது அறையில் இல்லை; ரோசினாவின் பார்வையில் இருந்தது. இந்த ஒரு மாலையைப் பொறுத்தவரை என் முடிவில் எனக்கு ஐயம் இல்லை. தனக்கு எதிராகப் போகக்கூடிய இந்தச் செய்தியை அவர் மறைக்காமல் எழுதியிருப்பதால்தான் மற்றதையும் நம்பி வாசிக்க முடிகிறது.

ஆனால் கதை அத்துடன் முடிந்துவிடாது. மற்றவர்களும் பார்த்தார்கள். 1882 கோடையில், இன்னும் வெளிச்சம் மங்காத மாலை ஆறரை மணிக்கு, சாப்பிட இறங்கி வந்த மூத்த சகோதரி, 'இப்போது வரவேற்பறைக்குள் போன அந்தக் கன்னியாஸ்திரி யார்?' என்று கேட்டார். ஆள் அனுப்பிப் பார்த்தார்கள், யாரும் இல்லை. 1883 டிசம்பரில், வெளித் திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்த கடைசித் தம்பியும் இன்னொரு சிறுவனும், ஜன்னல் வழியாக வரவேற்பறைக்குள் ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுவதைப் பார்த்து, யார் அழுகிறார்கள் என்று உள்ளே ஓடினார்கள். உள்ளே யாருமே இல்லை. ரோசினா வாய் திறக்காத காலம் அது. 1884 ஆகஸ்ட் 12 அன்று மாலை எட்டு மணிக்கு, பியானோ வாசித்துப் பாடிக்கொண்டிருந்த சகோதரி சட்டென்று நிறுத்தி, தன் முதுகுக்குப் பின்னால் அது நிற்பதாக ரோசினாவைக் கூப்பிட்டார். ரோசினா வந்து பார்த்தபோது வழக்கமான ஜன்னலோரத்தில் இருந்தது. தோட்டக் கதவருகே மறைந்தது. இன்னொரு சகோதரி தோட்டத்திலிருந்து வந்து, சமையலறைப் படியில் அது ஏறிவந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். மூவரும் வெளியே ஓடினால், மாடி ஜன்னலிலிருந்து மூத்த சகோதரி, இப்போதுதான் புல்வெளியைக் கடந்து பழத்தோட்டப் பக்கம் போகிறது என்று கத்தினார். ஒரே மாலையில் நால்வர்.

இதை எப்படி எடை போடுவது? ஆகஸ்ட் மாத நிகழ்ச்சிகளுக்கு நான் அதிக மதிப்புத் தருவதில்லை. அதற்குள் வீடு முழுக்க விஷயம் பரவிவிட்டது, எல்லோரும் காத்திருக்கிறார்கள், ஒருவர் பதற்றம் மற்றவரைத் தொற்றிக்கொள்ளும். அதே மாதம், பக்கத்தில் வசித்த ராணுவ ஜெனரல் ஒருவர், பழத்தோட்டத்தில் கறுப்பு உடையில் ஒரு பெண் கைக்குட்டையால் முகத்தை மூடி அழுவதைச் சாலையிலிருந்து பார்த்துவிட்டு, குழந்தையைப் பறிகொடுத்திருந்த மூத்த சகோதரியாக இருக்குமோ என்று நினைத்து, நலம் விசாரிக்க மகனை அனுப்பினார். அந்தச் சகோதரி அன்று பழத்தோட்டத்துக்கே போகவில்லை, அவர் குள்ளமானவரும்கூட. வாசிக்கும்போது மெய்சிலிர்க்கும். ஆனால் சாலையிலிருந்து எட்டிப் பார்க்கக்கூடிய தோட்டத்தில் ஓர் உண்மையான பெண் நின்று அழுதிருக்க முடியாதா? முடியும். என்னை யோசிக்க வைப்பவை 1882, 1883-இல் நடந்த முதல் சில நிகழ்ச்சிகள்தாம். அதிலும் அந்தச் சிறுவர்கள். ஒன்று மட்டும் உறுத்துகிறது. இந்த முழு அறிக்கையும் அச்சானது 1892-இல். ரோசினா 'மிஸ் மார்டன்' என்ற புனைபெயரில் எழுதினார். வீட்டின் மதிப்புக் குறைந்துவிடக்கூடாது என்பதற்காக ஊர் பெயரும் மறைக்கப்பட்டது. லண்டனில் 1882-இல், அதாவது இவர்கள் குடிவந்த அதே ஆண்டில், தொடங்கப்பட்ட, பேய், ஆவி போன்ற நிகழ்ச்சிகளை ஆராயும் சங்கமான சைக்கிக்கல் ரிசர்ச் சொசைட்டி அதை வெளியிட்டது. அதன் முன்னோடிகளில் ஒருவரான ஃபிரடெரிக் மயர்ஸ் 1886-இல் நேரில் வந்து சாட்சிகளை விசாரித்தார். கலந்து பேசிக்கொள்ளாதவர்களின் வருணனைகளும் ஒத்துப்போகின்றன என்று குறித்தார். ஆனால் அவர் வந்ததே ஆரம்ப நிகழ்ச்சிகளுக்கு மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து. நினைவு நாளாக ஆகச் சீராகும். ஓரங்கள் தேய்ந்து, ஒருவர் கதை மற்றவர் கதையோடு பொருந்திக்கொள்ளும். என்னிடம் வரும் குடும்பங்களில் மாதக் கணக்கிலேயே இது நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெண் இமோஜென் ஸ்வின்ஹோதான் என்பது இந்த வழக்கின் மிக நொய்ந்த கண்ணி. காரணங்களை ரோசினா வரிசையாகச் சொல்கிறார்: வீட்டின் வரலாற்றில் விதவைக் கோலத்துக்குப் பொருந்துபவர் அவர் ஒருவரே, அவரை அறிந்தவர்கள் வருணனையைக் கேட்டு அவர்தான் என்றார்கள், ஒரு புகைப்படத் தொகுப்பைக் காட்டியபோது ரோசினா சுட்டிய படம் இமோஜெனின் சகோதரியுடையது, இருவரும் ஒரே சாயல். முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டே ஏழு ஆண்டுகள் நடந்த உருவத்துக்குப் புகைப்படத்தில் முகம் தேடுவதை நான் ஏற்கமாட்டேன். இமோஜென் அந்த வீட்டில் சாகவில்லை. கணவர் இறந்தபோது அங்கே வாழவும் இல்லை. கணவர் ஆல்பர்ட் 1861-இல் இறந்தது முதல் விக்டோரியா அரசியே கறுப்பில்தான் இருந்தார். விதவையின் கறுப்பு உடை அக்காலத்து இங்கிலாந்தில் தெருவுக்குத் தெரு கண்ட காட்சி. மூளை ஓர் உருவத்தைப் படைத்தால் கையருகே கிடக்கும் உடையைத்தான் போர்த்தும். நம் ஊரில் அது வெள்ளைச் சேலை உடுத்தி வருவது தற்செயல் அல்ல.

வேறு விளக்கங்களையும் நீங்கள் கேட்டிருக்கக்கூடும். உயிருள்ள ஒரு பெண்ணை யாரோ ரகசியமாக வீட்டில் வைத்திருந்தார்கள் என்பது ஒன்று. அரை மணி நேரம் குடும்பத்தின் நடுவே நின்றும் கண்ணில் படாத பெண் என்ற இடத்தில் அது உடைந்துவிடுகிறது. வீட்டின் அடியில் ஓடிய நீரோட்டம் சத்தங்களை உண்டாக்கியது என்று பின்னாளில் ஒருவர் எழுதினார். காலடி ஓசைக்கும் கதவு அதிர்வுக்கும் அது பொருந்தலாம், கைக்குட்டைக்குப் பொருந்தாது. அடுப்பிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடு மாயக்காட்சிகளை உண்டாக்கும் என்பது மருத்துவ உண்மை. ஆனால் இந்த உருவம் அதிகமாகத் தோன்றியது ஜூலை, ஆகஸ்டில். குளிர்காய நெருப்பு மூட்டாத மாதங்கள் அவை. கோவென்ட்ரியில் பணியாற்றிய விக் டாண்டி என்ற பொறியாளர், மின்விசிறி ஒன்று எழுப்பிய 19 ஹெர்ட்ஸ் அளவிலான, காதுக்கு எட்டாத அதிர்வால் தனக்கு ஒரு சாம்பல் நிற உருவம் தெரிந்ததென்று 1998-இல் எழுதினார். சுவாரசியமான கருத்துதான். ஏழு ஆண்டுகள், ஒரே வழித்தடம், ஒரே உடை என்பதை விளக்க அது போதாது.

ரோசினாவுக்கு மனநோயா என்ற கேள்விக்கு வருகிறேன். நேரில் பார்க்காதவருக்கு, அதுவும் மறைந்துபோனவருக்கு, நோயின் பெயர் எழுதும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் பதிவில் உள்ளதை வைத்துச் சொல்லலாம். மாயக்காட்சியோடு வரும் கடும் மனநோயில் ஒருவர் வாழ்க்கை படிப்படியாகச் சரியும்: படிப்பு நிற்கும், குளிப்பது நிற்கும், யாரோ தனக்குச் சதி செய்கிறார்கள் என்ற எண்ணம் வேரூன்றும், காதில் குரல்கள் ஏவும். ரோசினா அதே ஏழு ஆண்டுகளில் படித்தார், பிறகு மருத்துவரானார். உருவம் தனக்குச் செய்தி தந்ததாகவோ, தன்னைத் தேர்ந்தெடுத்ததாகவோ ஒரு வரிகூட எழுதவில்லை. தொட முயன்றேன், நழுவிவிட்டது. கேமராவைத் தயாராக வைத்திருந்தேன், பயனில்லை. இப்படித் தோற்ற இடங்களையும் எழுதினார். 1886-க்குப் பிறகு உருவம் மங்கத் தொடங்கியதையும், 1889-க்குப் பிறகு வரவே இல்லை என்பதையும் அதே நிதானத்தோடு பதிந்தார். நோயாளியின் எழுத்து இப்படி இருப்பதில்லை.

நோயில்லாமலே மாயக்காட்சி காண்பது அரிதும் அல்ல. ரோசினாவின் அறிக்கையை வெளியிட்ட அதே சங்கம் 1894-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், 17,000 பேரில் 1,684 பேர் விழித்திருக்கும்போது ஒருமுறையாவது இல்லாததைப் பார்த்ததாகவோ கேட்டதாகவோ தொடப்பட்டதாகவோ சொன்னார்கள், பத்தில் ஒருவர். துணையை இழந்தவர்களிடம் இது இன்னும் அதிகம். வேல்ஸில் டெவி ரீஸ் என்ற டாக்டர் 293 பேரிடம் கேட்டு 1971-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேர் இறந்த துணையின் இருப்பை உணர்ந்திருந்தார்கள். பார்த்தவர்களும் பேசக் கேட்டவர்களும் அதில் உண்டு. பெரும்பாலோர் அதை யாரிடமும் சொன்னதில்லை.

முதியவர்களிடம் கண் பார்வை குறைவதாலேயே இது வரும். ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை அறிஞர் சார்ல் போனே 1760-இல் தன் தாத்தாவைப் பற்றி இப்படி எழுதினார். கண்புரை முற்றிய அந்தப் பெரியவர் மனிதர்களையும் பறவைகளையும் வண்டிகளையும் கட்டடங்களையும் பார்த்தார், அவை உண்மையல்ல என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. பார்வையிலிருந்து செய்தி குறையும்போது மூளையின் காட்சிப் பகுதி தானாகவே படம் போடத் தொடங்குகிறது. என்னிடம் ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியையை மகள் அழைத்துவந்தார். மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் பரண் விளிம்பில் நான்கைந்து பள்ளிச் சிறுமிகள் வரிசையாக உட்கார்ந்து காலாட்டுவார்கள். சத்தமே இருக்காது. பயந்து பதினோரு மாதங்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். என் அறைச் சுவர்க் கடிகாரத்தில் மணி என்ன என்று கேட்டேன். கடிகாரம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அந்தச் சிறுமிகளின் ரிப்பன் எப்படி இருந்தது என்று கேட்டேன். இரட்டைச் சடையை மடித்து, ஓரத்தில் மெல்லிய கோடு போட்ட சிவப்பு ரிப்பன் என்று, கட்டிய விதம் முதற்கொண்டு சொன்னார். கண்ணால் பார்க்க முடியாத நுணுக்கம் மாயக்காட்சியில் இருந்தது. இரண்டு கண்களிலும் கண்புரை அறுவை ஆன பிறகு சிறுமிகள் வருவது படிப்படியாக நின்றது. அந்த ஆசிரியை கடைசி முறை என்னிடம் வந்தபோது, 'கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது டாக்டர்' என்றார்.

ரோசினாவுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. 19 வயது, பார்வையில் குறையிருந்ததாகப் பதிவில்லை. அவர் பார்த்தது மாயக்காட்சி என்பது என் கணிப்பு. ஏழு ஆண்டுகள் ஏன் நீடித்தது, ஏன் தேய்ந்து மறைந்தது என்பதற்கு என் துறையிடம் முழு விடை இல்லை. எதுவும் அறியாத அந்தச் சிறுவர்கள் அழும் பெண்ணைப் பார்த்ததைத் தற்செயல் என்று சொல்லிக் கடந்து போகவும் எனக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தை அப்படியே திறந்து வைத்திருக்கிறேன்.

உங்கள் பெரியம்மாவுக்கு இதைச் செய்யுங்கள். அவரைத் தனியாக உட்காரவைத்து, மறுக்காமலும் ஒத்துப்பாடாமலும் கேளுங்கள்: எந்த நேரம், எந்த விளக்கு எரிந்தது, அந்தப் பெண் பேசுகிறாளா, எவ்வளவு நேரம் நிற்கிறாள், கண்ணை மூடித் திறந்தால் போய்விடுகிறாளா. ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். முதலில் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஏதாவது உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். பகல் இரவு குழம்புவது, நடை தளர்ந்து கைகால் விறைப்பது, தூக்கத்தில் உதறிக் கத்துவது, சமீபத்தில் மறதி கூடியிருப்பது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். சில மூளை நோய்கள் இப்படித்தான் தொடங்கும். காய்ச்சலோடு திடீரென்று வந்திருந்தால் அன்றே மருத்துவமனை. அந்த உருவம் ஏதாவது செய்யச் சொல்கிறது என்றாலோ, அவர் சாப்பிட மறுத்தாலோ, உடனே எங்களைப் போன்றவர்களிடம் கொண்டுவாருங்கள். இவை எதுவும் இல்லை, அவருக்குப் பயமும் இல்லை என்றால், பொழுது சாயும் முன்பே முற்றத்து விளக்கைப் போட்டுவிடுங்கள், அந்த நேரத்தில் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். முக்கியமாக, அவர் காதுபட யாரும் 'புத்தி பேதலித்துவிட்டது' என்று சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொன்னால் அடுத்த முறை பார்ப்பதை உங்களிடம் சொல்லமாட்டார்.